தம்பி பேச்சைப் பாதியில் நிறுத்திக்கொள்வது பற்றி

வணக்கம் சகோதரி. மனச்சோர்வுக்கு மூன்று மாதமாக மருந்து எடுக்கும் தம்பி, பேச ஆரம்பித்து இரண்டே வரியில் "ஒண்ணுமில்லை, விடுக்கா" என்று எழுந்துவிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் சொல்லும் பதில்களையும் மறைக்காமல் எழுதியது நல்லது: "வாக்கிங் போ", "உனக்கென்ன குறை?"

என் அண்ணனிடம் நானும் இதைத்தான் செய்தேன். "காலையில் எழவே முடியவில்லை" என்பார். உடனே ஒரு வழி சொல்வேன். ஒருநாள் சொல்ல எதுவும் தோன்றாமல், "எழும்போது எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். அரை மணி நேரம் பேசினார். அதுவரை அவர் என்னிடம் வழி கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"உனக்கென்ன குறை" மட்டும் வேண்டவே வேண்டாம். பாசத்தில் சொன்னாலும் குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும். வீட்டாரின் குறைகூறல் அதிகமானால் மனச்சோர்வு திரும்பும் வாய்ப்பும் கூடுகிறது என்று இங்கிலாந்தில் 1976-லேயே ஓர் ஆய்வு காட்டியது.

எதிரே உட்கார்ந்து விசாரிக்காதீர்கள். காய் நறுக்கும்போது, வண்டியில் போகும்போது பேச்சு தானாக வரும். நடுவில் அவர் மௌனமானால் நீங்களும் சும்மா இருங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும்.

அப்புறம், "இருந்து என்ன பிரயோஜனம்" என்பதுபோல் ஏதாவது சொன்னால், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவிச் சேவைக்கு 14416 இலவச எண். எந்த நேரமும் தமிழில் பேசலாம், நீங்களும்கூட.