எரிச்சலான நாளிலும் ஸ்தோத்திரம் சொல்வது நடிப்பா?

"அன்றாட எரிச்சல்களுக்கு நடுவிலும் கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள் என்று கிறிஸ்தவர்கள் சொல்கிறீர்களே, அது மனதை ஏமாற்றிக்கொள்வது இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பல நேரம் ஏமாற்றுதான். நான் பாளையங்கோட்டையில் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்து, அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவள். யார் நலம் விசாரித்தாலும் "கர்த்தர் கிருபையால சுகம், ஸ்தோத்திரம்" என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிடும். ஸ்தோத்திரம் என்றால் எங்கள் பேச்சில் கடவுளுக்கு நன்றி. அன்று காலையில்தான் மோட்டார் ஓடாமல், கேஸ் தீர்ந்து, பிள்ளைகளிடம் கத்திவிட்டு வந்திருப்போம். அந்த ஸ்தோத்திரத்தை நீங்கள் நடிப்பு என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. யாராவது அலுத்துக்கொண்டால் உடனே வரும் புத்திமதி: "கஞ்சிக்கே வழியில்லாம எத்தனை பேரு கெடக்காங்க, நம்மள கர்த்தர் நல்லா வச்சிருக்காரேன்னு ஸ்தோத்திரம் சொல்லு." கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பைபிளில் லூக்கா 18-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கதையில் இதே ஜெபத்தைச் செய்கிற ஒருவன் வருகிறான். ஆலயத்தில் நின்றுகொண்டு, "மற்ற மனுஷரைப்போல நான் இல்லை, இந்த ஆயக்காரனைப்போலவும் இல்லை, அதற்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்கிறான் அந்தப் பரிசேயன், மதச் சட்டத்தைக் கறாராகக் கடைப்பிடிக்கிறவன். ஆயக்காரன் என்றால் ஊரார் வெறுத்த வரி வசூல்காரன். நன்றி சொன்ன அவன் அல்ல, தூரத்தில் மார்பில் அடித்துக்கொண்டு நின்ற ஆயக்காரன்தான் நீதிமானாக வீட்டுக்குப் போனான் என்று இயேசு கதையை முடிக்கிறார். பக்கத்து வீட்டுக்காரனின் இல்லாமையைப் பார்த்து எனக்கு நன்றி சுரக்கிறது என்றால், அவன் இல்லாமைக்கும் சேர்த்துத்தானே நான் நன்றி சொல்கிறேன்? இந்த வகை நன்றியை நான் விட்டு வெகுநாளாகிறது.

அப்படியானால் என்னதான் செய்கிறேன்? முதலில் புலம்புகிறேன். அதற்கு வேதத்திலேயே இடம் இருக்கிறது. எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்தை ஒருமுறை உட்கார்ந்து படித்துப் பாருங்கள். மோசேயின் தலைமையில் எகிப்தைவிட்டு வந்த இஸ்ரவேல் ஜனங்கள், வனாந்தரத்தில் கடவுள் தந்த மன்னா என்ற உணவையே தினமும் தின்று சலித்து, எகிப்தில் சாப்பிட்ட மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுகிறார்கள். அவரவர் கூடார வாசலில் உட்கார்ந்து, குடும்பம் குடும்பமாக. கர்த்தருக்குக் கோபம் வருகிறது. பிரசங்கத்தில் பெரும்பாலும் இதோடு நிறுத்தி, "முறுமுறுக்காதீர்கள்" என்று அனுப்பிவிடுவார்கள்.

அதே அதிகாரத்தில் மோசேயும் வெடிக்கிறார். இந்த ஜனங்களையெல்லாம் நான் பெற்றேனா, நான் ஒருவனாய் இவர்களைத் தாங்க முடியாது, இப்படித்தான் செய்வீரென்றால் என்னைக் கொன்றுபோடும் என்று கர்த்தரிடமே கேட்கிறார். ஜனங்கள் அழுததைவிட இது கடுமையான பேச்சு. ஆனால் அவருக்குக் கிடைத்தது அடி இல்லை, ஆள் உதவி: பாரத்தைப் பகிர்ந்துகொள்ள 70 மூப்பர்கள். நான் ஒண்டியா எத்தனையைத்தான் பார்ப்பேன் என்று அடுப்படியில் முணுமுணுக்கிற எந்தப் பெண்ணுக்கும் மோசேயைப் புரியும். மனசில் இருப்பதை உள்ளபடி அவரிடம் கொட்டிவிட்டால், அப்புறம் சொல்கிற நன்றி பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பைபிளின் ஜெபப் பாடல்களில் ஒன்றான 13-ஆம் சங்கீதத்திலும் இதே வரிசைதான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று சண்டையில் தொடங்கி, ஆறே வசனத்தில் பாட்டுக்கு வந்துவிடும்.

வெங்காயம் என்றதும் எங்கள் மாமா ஞாபகம் வருகிறது. கணவருடைய அப்பா. கை நடுக்கம் வந்த பிறகு வெளியே அதிகம் போவதில்லை. காலையில் பேப்பரை விரித்து, ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பார். அந்த ஃபேனை நிறுத்தச் சொன்னால் வியர்க்கும் என்பார். சருகு ஹால் முழுக்கப் பறக்கும். ஃப்ரிட்ஜுக்கு அடியில் போகும், ஈரக் காலில் ஒட்டிக்கொண்டு படுக்கையறை வரைக்கும் வரும். கூட்டி முடித்துத் திரும்பினால் இன்னும் நாலு பறக்கும். "எம்மா, உரிச்சாச்சு" என்று கிண்ணத்தை நீட்டும்போது என் முகத்தில் சிரிப்பு இருக்காது. அரைக் கிலோ சின்ன வெங்காயத்தைத் தனியாக உரித்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கிண்ணத்தின் மதிப்பு தெரியும். எனக்கும் தெரியும்தான், ஆனால் விளக்குமாறு கையில் இருக்கும்போது அது தோன்றாது.

இராத்திரிதான் தோன்றும். இங்கே ஒரு கத்தோலிக்கத் தோழியிடம் கற்றுக்கொண்டதைச் சொல்ல வேண்டும். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டில் சொல்லிக்கொடுத்த ஆன்ம ஆய்வு முறையில், அந்த நாளை மணிக்கு மணி திரும்பிப் பார்ப்பார்கள். அதில் முதல் படி பாவத்தைத் தேடுவது இல்லை, பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வது. நான் கட்டிலில் படுத்தபடி செய்கிறேன், பாதியில் தூங்கியும் போவேன். எரிச்சல் வந்த மணி நேரத்துக்குத் திரும்பிப் போகும்போதுதான் சருகோடு கிண்ணமும் கண்ணில் படுகிறது. சருகுக்கு நான் நன்றி சொல்வதில்லை. கிண்ணத்துக்குச் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடிக்கிற புருஷன், கூலியை இழுத்தடிக்கிற முதலாளி, இதெல்லாம் எரிச்சல் கணக்கில் வராது. அங்கே போய் "ஸ்தோத்திரம் சொல்லு" என்பவர்களிடம் இருந்து தள்ளியே இருங்கள். தீராத நோயும் அப்படித்தான். எங்கள் மாவட்டத்து டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல், 1931-ல் விழுந்து அடிபட்டு, 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தவர். நோயாளிகளுக்கு ஆறுதல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சுகமாக இருப்பவர்கள் என்பது அவருடைய குறை. அவர் எழுதியது நோயாளியாக, நோயாளிகளுக்கு.

மாமா விஷயத்தில் நன்றி சொல்ல வழியே தெரியாத ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது. காது மந்தம் என்பதால் காலை ஐந்து மணிக்கே டிவியில் தேவசெய்தியைத் தெருவுக்கே கேட்கும்படி வைக்கிறார். ஹெட்போன் வாங்கிக் கொடுத்தோம், காது வலிக்கிறது என்று கழற்றிப் போட்டுவிட்டார். அந்த ஒரு விஷயத்தில் நான் இப்போதைக்கு மோசே கட்சிதான்.