மவுத் ஆர்கன் வாசித்தால் நாலு வரியிலேயே மூச்சு முட்டுகிறதே, எப்படிப் பழகுவது?

பெரும்பாலும் காற்று போதாமல் முட்டுவதில்லை. உள்ளே சேர்ந்தது வெளியேறாமல்தான் முட்டுகிறது. கொஞ்ச நாள் பாட்டை விடுங்கள். 1, 2, 3 துளைகளை ஒன்றாகக் கவ்வி, 'இழு இழு, ஊது ஊது' என்று மெதுவாகப் போங்கள். வட சென்னை கொருக்குப்பேட்டையில் இதற்கு எனக்குத் தாளம் போட்டது கூட்ஸ் வண்டிச் சத்தம்தான். கன்னம் உப்பக் கூடாது, வயிறு அசையணும். மிஞ்சும் காற்றை மூக்கு வழியாக விடுங்கள். தலை சுற்றினால் உடனே நிறுத்துங்கள்.

அப்புறம் ஸ்வரம். சாதாரண 10 துளை வாத்தியத்தில் 4, 5, 6 மூன்றிலும் ஊதி, இழுத்தால் ச ரி க ம ப த வரும். 7இல் வரிசை புரளும்: இழுத்தால் நி, ஊதினால் மேல் ச. அதாவது 6, 7 இரண்டிலும் அடுத்தடுத்து இழுப்பு. பலரும் தடுமாறுவது அங்கேதான். த, நி, மேல் ச என்ற அந்த மூன்று ஸ்வரத்தை மட்டும் தினமும் தனியாகப் பழகுங்கள்.