பெரியவர் அனுப்பினால் நம்புகிறார்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். வயது 64. வாட்ஸ்ஆப் மட்டும் வைத்திருக்கிறேன். காலை வணக்கம் சொல்வதும், வருகிற நல்ல செய்திகளை நாலு பேருக்கு அனுப்புவதும்தான் அதில் என் வேலை. பேஸ்புக்கில் கணக்குத் தொடங்கித் தருவதாக மகன் சொல்கிறான். "இந்த வயதில் அது எதற்கு?" என்கிறார் மனைவி. என்னைப் போன்ற பக்குவப்பட்ட வயதினர் சமூக ஊடகத்தில் சேர்வதால் பயன் உண்டா? நேரம்தான் வீணாகுமா?
— ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: சேரலாமா என்று கேட்கிறீர்கள். நீங்கள் சேர்ந்து பல காலம் ஆகிறது, ஐயா. வாட்ஸ்ஆப் குழுவும் சமூக ஊடகம்தான். ஒரு குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். நம் ஊர்த் திருமண மண்டபங்கள் பலவற்றில் அத்தனை பேர் உட்கார இடம் கிடையாது. அவ்வளவு பெரிய கூட்டத்தின் முன்னால் தினமும் பேசிக்கொண்டே, மேடை ஏறலாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள். அதனால் பேஸ்புக் கொஞ்சம் பொறுக்கட்டும். அந்த "நாலு பேருக்கு அனுப்புவது" பற்றி முதலில் பேசிவிடுவோம்.

உங்கள் வயதுக்கும் நீங்கள் பார்த்த வேலைக்கும் ஊரில் ஒரு மதிப்பு இருக்கிறது. இருபது வயதுப் பையன் ஒரு செய்தியை அனுப்பினால், "இது எங்கே கிடைத்தது?" என்று கேட்பார்கள். "சாரே அனுப்பியிருக்கிறார்" என்றால் யாரும் கேட்பதில்லை. வகுப்பறையில் ஆண்டுக்கணக்காக நின்று நீங்கள் சம்பாதித்த நம்பிக்கை அது. அதை, முகம் தெரியாத எவனோ எழுதிய பொய்க்கு இரவல் கொடுத்துவிடுகிறீர்கள். மூத்தவர்கள் சமூக ஊடகத்தில் புழங்குவதில் எனக்குள்ள பெரிய அச்சம் இதுதான். நேரம் வீணாவதெல்லாம் இதற்குப் பிறகு.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். குலதெய்வக் கோயிலுக்குப் போவதற்காகச் சென்னையிலிருந்து உறவினர்களோடு வந்த, அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் ஊருக்குள் வந்திருக்கிறது என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றிய வதந்தியை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அந்த வதந்தியை அனுப்பியவர்களில் பலர், நம் பிள்ளைகள் பத்திரமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தோடுதான் அனுப்பியிருப்பார்கள். அந்த ஆண்டு இத்தகைய கொலைகள் நாட்டின் பல பகுதிகளில் நடந்த பிறகுதான், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்ஆப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

செய்தியின் தலைமாட்டில் இரட்டை அம்புக்குறி தெரிந்தால், அது ஐந்து கைகளாவது மாறி வந்தது என்று பொருள். உங்களுக்கு அனுப்பியவருக்கே அதை எழுதியவர் யாரென்று தெரியாது. அத்தகைய செய்தி உங்களோடு நிற்கட்டும். "எனக்கு வந்தது, அனுப்பினேன்" என்ற பதிலை உங்கள் மாணவன் எவனும் சொல்லி நீங்கள் விட்டிருக்க மாட்டீர்கள்.

இப்போது பேஸ்புக்குக்கு வருகிறேன். தாராளமாகச் சேருங்கள். அடுத்தவர் எழுதியதை அனுப்பிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லாத அளவுக்கு உங்களிடம் சொந்தச் சரக்கு இருக்கிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட வெள்ளம் தென்பெண்ணை வழியாகக் கடலூரின் ஆற்றோரப் பகுதிகளுக்குள் புகுந்தது. அந்த நாட்களில் என் கைபேசியை நிறைத்த படங்களில் பெரும்பாலானவை எந்த ஊர், எந்த ஆண்டு என்றே தெரியாதவை. அவற்றுக்கு நடுவே கடலூர்ப் பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற பொறியாளர், பேஸ்புக்கில் எழுதிக்கொண்டிருந்தார். படம் இல்லை, பதற்றம் இல்லை. மணி என்ன, தான் நிற்கும் தெரு எது, தன் வீட்டு வாசற்படியில் தண்ணீர் எந்தப் படிவரை வந்திருக்கிறது, 2015 வெள்ளத்தில் அதே இடத்தில் எதுவரை நின்றது, இன்னும் ஏறுகிறதா, வடிகிறதா. அவ்வளவுதான். தான் கண்ணால் பார்க்காத ஒன்றைக்கூட அவர் எழுதவில்லை. பக்கத்துத் தெருக்காரர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் மூட்டை முடிச்சுகளை மாடிக்கு ஏற்றினார்கள். எழுதத் தெரிந்த இளைஞர்கள் அந்தத் தெருவிலும் இருந்திருப்பார்கள். முந்தைய வெள்ளம் எந்தப் படியில் நின்றது என்பது அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

உங்களுக்கும் அப்படித் தெரிந்தவை எத்தனை! 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமியின்போது கடலூர்த் தேவனாம்பட்டினத்தில் நடந்ததை நேரில் கண்டவர்கள் உங்கள் தலைமுறையில் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு பிறந்தவர்கள் இன்று வாக்களிக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. அதை ஒரு விவசாயி எப்படித் தாங்கினார் என்று யாராவது எழுதினால்தானே இருக்கும்? நீங்களோ வரலாறு சொல்லிக்கொடுத்தவர். தேவனாம்பட்டினம் கோட்டையை 1690-இல் மராத்தியரிடமிருந்து வாங்கிய ஆங்கிலேயர், பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரை உள்ள ஊர்களையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள். இந்தச் செய்தி அந்தக் கோட்டை இருந்த இடத்தைத் தாண்டித் தினமும் சில்வர் பீச்சுக்குப் போகும் பிள்ளைகளில் எத்தனை பேரை எட்டியிருக்கிறது? உங்கள் பழைய மாணவர்கள் உலகம் முழுக்க இருப்பார்கள். நீங்கள் எழுதினால் படிப்பார்கள். ஒருவர் தப்பைச் சுட்டிக்காட்டினால் பிரம்பை எடுக்காதீர்கள். அங்கே அவரும் உங்களுக்குச் சமம்.

தட்டச்சு கைவரவில்லையே என்று தயங்க வேண்டாம். கைபேசி விசைப்பலகையில் ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். பிழைகளைத் திருத்துவதற்கு உங்களைவிடத் தகுந்தவர் யார்?

பேத்தியின் படத்துக்கு விருப்பம் தெரிவித்துவிட்டால் அவளோடு பேசியதாக ஆகாது. வாரம் ஒரு முறையாவது தொலைபேசியில் கூப்பிடுங்கள். மாலை நடையையும் நூலகத்தையும் இதற்காகக் குறைக்காதீர்கள்.

கணக்கை மகன் தொடங்கித் தர வேண்டாம். அவர் பக்கத்தில் இருக்க, நீங்களே தொடங்குங்கள். கடவுச்சொல் உங்களுக்குத் தெரிந்ததாக இருக்கட்டும். வாட்ஸ்ஆப்பில் ஆறு இலக்க இரண்டடுக்குப் பாதுகாப்பு எண்ணை இன்றைக்கே போட்டுவிடுங்கள். பிறந்த தேதி, ஓய்வூதிய விவரம், வெளியூர்ப் பயணம் எதையும் பொதுவில் எழுதாதீர்கள். ஓய்வுக்காலப் பணம் கையில் இருப்பவர்களைத்தான் மோசடிக்காரர்கள் தேடுகிறார்கள். நண்பர் பெயரில் அவசரமாகப் பணம் கேட்டுச் செய்தி வந்தால், அவரைத் தொலைபேசியில் அழைத்துக் குரலைக் கேட்ட பிறகுதான் மறுவேலை. போலீஸ் உடையில் ஒருவன் வீடியோ அழைப்பில் தோன்றி "டிஜிட்டல் கைது" என்று மிரட்டினால் உடனே துண்டியுங்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. ஏமாந்துவிட்டால் பிள்ளைகளிடம் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு நாளைக் கடத்த வேண்டாம். அந்த நிமிடமே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்துச் சொல்லுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் கணக்கு மாறிக்கொண்டிருக்கும்.

உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. எதற்கு என்று தெரியாமல் போவதில் பயன் இல்லைதான். இந்தப் பக்கத்தை அவரிடமும் படிக்கக் கொடுங்கள். படித்த பிறகு அவருக்கும் எழுத விருப்பம் வந்தால், அவருடைய எண்ணில் அவர் பெயரிலேயே தனிக் கணக்கு தொடங்குங்கள்.