அட்டை, பேநவ் (கைப்பேசியில் பணம் அனுப்பும் சேவை) எல்லாம் இருந்தும் சிங்கப்பூரில் சிலர் ஏன் கடையில் ரொக்கத்தையே நீட்டுகிறார்கள்?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்த விளக்கத்தைப் படித்தேன். சிரிப்பும் வந்தது, கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது. பேரங்காடியில் உங்களுக்கு முன்னால் நின்ற ஆன்ட்டி இரண்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டுகளாகப் பதினைந்து எண்ணி வைத்தாராம். அப்புறம் ஒரு சின்னப் பையைத் திறந்து ஒவ்வொரு காசாகத் தேடினாராம். பின்னால் எட்டுப் பேர் நின்றார்களாம். எந்த வட்டாரம் என்று நீங்கள் சொல்லவில்லை. ஈசூன் என்றால் அது நானாகவே இருக்கலாம்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். ஒரு காசு நாணயம் வெளியிடுவதை 2003இலேயே நிறுத்திவிட்டார்கள். நாங்கள் எண்ணுவது ஐந்து காசிலிருந்துதான்.

நீங்கள் வேலைக்குப் போகிறவர், சாப்பாட்டு நேரத்தில் ஒரு ரொட்டி வாங்க ஓடி வந்திருப்பீர்கள், கைப்பேசியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்ப ஓட வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் "வயசானவங்களுக்கு இதெல்லாம் தெரியாது, பயம்" என்று கடைசியில் ஒரு வரி எழுதினீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறேன்.

நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் 27 வருஷம் கணக்குப் பார்த்தவள். கடைகளில் வங்கி அட்டையால் பணம் கட்டும் வசதி தரும் நெட்ஸ் நிறுவனம் தொடங்கிய 1985இல் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, நீங்கள் அநேகமாகப் பிறந்தே இருக்க மாட்டீர்கள். 2017இல் பேநவ் வந்த சில மாதங்களிலேயே பதிந்துவிட்டேன். பேத்தியின் பாலே வகுப்புக் கட்டணம் இன்றைக்கும் என் கைப்பேசியிலிருந்துதான் போகிறது. தெரியாமல் இல்லை.

பயமும் இல்லை. 2024 ஜனவரியில் பேருந்து, ரயிலில் தட்டுகிற ஈஸி-லிங்க் பயண அட்டை விவகாரம் நினைவிருக்கிறதா? பழைய அட்டைகளை ஜூன் முதல் தேதியோடு நிறுத்தப்போவதாக 9ஆம் தேதி அறிவித்தார்கள். புது முறையில், தட்டும்போது எவ்வளவு போனது, எவ்வளவு மிச்சம் என்று நுழைவாசலில் அப்போது காட்டவில்லை. ஊரே முணுமுணுத்தது. 22ஆம் தேதி முடிவை மாற்றிக்கொண்டு, பழைய முறையைத் தொடர 40 மில்லியன் வெள்ளி ஒதுக்கினார்கள். முணுமுணுத்தவர்கள் எல்லாம் இயந்திரத்தைக் கண்டு பயந்தவர்களா? மிச்சத்தைத் தங்கள் கண்ணால் பார்க்க விரும்பியவர்கள், அவ்வளவுதான்.

படித்தவர்கள் வேறொரு காரணம் சொல்வார்கள்: அட்டையில் கட்டினால் கை தாராளமாகிவிடும். அமெரிக்காவில் எம்ஐடி பேராசிரியர்கள் இருவர் 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பாஸ்டன் கூடைப்பந்து ஆட்டத்துக்கான டிக்கெட்டை மாணவர்களிடம் ஏலம் கேட்கச் சொன்னார்கள். ரொக்கம் தர வேண்டும் என்றதும் கேட்ட தொகையைவிட, கடன் அட்டையில் கட்டலாம் என்றதும் கேட்டது ஏறக்குறைய இரண்டு மடங்கு. உண்மையாகவே இருக்கும். ஆனால் என் காரணம் அது இல்லை. நான் பத்து வெள்ளி நோட்டையும் தாராளமாகத்தான் உடைப்பேன்.

என் கதைக்கு வருகிறேன்.

வீட்டுக்காரர் 2019இல் தவறினார். அடுத்த வருஷம் மகன் தன் கணக்கில் ஒரு சப்ளிமென்டரி கார்டு எடுத்து என் கையில் கொடுத்தான். "அம்மா, இனிமே நீங்க காசை எண்ணிக்கிட்டு நிக்க வேணாம். எல்லாம் என் பில்லுல வந்துடும்." எனக்கு ரொம்பப் பெருமை. அடுக்குமாடி புளோக் கீழே உட்காரும் கூட்டாளிகள் எல்லோரிடமும் காட்டினேன்.

பில் மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை. நான் அட்டையைத் தட்டிய அதே நொடியில் அவன் கைப்பேசியில் டிங் என்று ஒரு செய்தி போகும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முஸ்தபா கடையை விட்டு வெளியே வந்து குடையை விரிப்பதற்குள் வாட்ஸ்அப் வரும்: "மா, 42.60?" ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான். இன்னொரு நாள் மருந்துக்கடையில் பதினெட்டு வெள்ளி. உடனே கூப்பிட்டான். "என்னம்மா, உடம்பு சரியில்லையா? டாக்டர்கிட்ட போனீங்களா?" தலைமுடிச் சாயம் வாங்கினேன் என்று வளர்ந்த பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? சளி என்றேன். சாயங்காலம் மருமகள் இஞ்சி ரசம் கொண்டுவந்தாள்.

2022 தீபாவளிக்கு முன் என்னோடு வேலை பார்த்த ஒரு தோழி வீட்டுக்கு வந்தாள். பேசிவிட்டுக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, "ஒரு டம்ளர் அரிசி இருக்குமா, கடைக்குப் போக மறந்துட்டேன்" என்றாள். அவள் வீட்டுப் புளோக் கீழேயே மளிகைக்கடை இருக்கிறது. அவள் கணவருக்கு ஏழெட்டு மாதமாக வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும். டம்ளர் நிறைய அளந்து கொடுத்தேன். அவள் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள், வரும்போதே மடித்து வைத்திருந்தாள் போல.

மறுநாள் ஐந்து கிலோ பொன்னி இரண்டு மூட்டை, பருப்பு, எண்ணெய், பால்மாவு, எல்லாம் சேர்த்து 61 வெள்ளி 35 காசு. தட்டினேன். டிங். "மா, மளிகைக்கடையில 61.35? போன வாரம்தானே எல்லாம் வாங்கிப் போட்டேன்?" யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று தோழிக்குச் சத்தியம் பண்ணியிருந்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன்: "கோயில் அன்னதானத்துக்குடா."

அதோடு முடிந்திருக்கலாம். மருமகள் நல்ல பெண். "எந்தக் கோயில் அத்தை? தீபாவளி வருது, நாங்களும் குடுக்கிறோம்" என்று ஞாயிற்றுக்கிழமை பத்து கிலோ அரிசியைக் காரில் ஏற்றி, என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ரசீது எழுதுகிறவரிடம் வாய் நிறையச் சிரிப்போடு, "போன வாரம் அத்தை கொண்டுவந்து குடுத்தாங்களே, இது எங்களோடது" என்றாள். அந்த மனிதர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் அம்மன் இருந்த திசையைப் பார்த்தேன். "சந்தோஷம்மா" என்று சொல்லி ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். அவர் அன்றைக்கு என் மானத்தைக் காப்பாற்றினார் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியுமோ தெரியாதோ.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கார்டை அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். "எனக்குக் குடுக்கிறதை மாசாமாசம் என் கணக்குல போட்டுடு கண்ணா" என்று மகனிடம் சொன்னேன். முதல் தேதி ஏடிஎம்முக்குப் போய் எடுத்துக்கொள்கிறேன். சில்லறைக்கு, நகைக்கடையில் இனாமாகக் கொடுத்த சிவப்பு ஜிப் பை. நீங்கள் பார்த்த சின்னப் பை சிவப்பா? அப்படியென்றால் சந்தேகமே இல்லை.

உடனே யாராவது வந்து, "அப்போ மகனிடம் மறைக்கிறீர்களா, ரொக்கம் என்றாலே கறுப்புப் பணம்" என்று எழுதுவார்கள். ஐயா, 20,000 வெள்ளிக்கு மேல் ரொக்கம் கொடுத்து நகை வாங்கினால் நகைக்கடைக்காரர் போலிஸுக்கு அறிக்கை கொடுத்தாக வேண்டும். நான் மறைத்தது பத்துக் கிலோ அரிசி. என் பிள்ளை கெட்டவன் என்றும் நான் சொல்லவில்லை. அக்கறையில்தான் கேட்கிறான். ஆனால் 62 வயதில் வாங்குகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயாராக வைத்திருக்க வேண்டுமா? புதன்கிழமை இரண்டு வெள்ளிக்கு ஃபோர் டி லாட்டரி எடுப்பேன், அதையும் நானே சொல்லிவிடுகிறேன். காசுக்கு வாய் கிடையாது. யாரிடமும் போய்ச் சொல்லாது.

ரொக்கம் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டிவிட்டால் கடைக்காரர் வாங்க மறுக்கலாம், அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. நாணயத்தையும் ஒரு வகைக்கு 20க்கு மேல் வாங்கத் தேவையில்லை. தெரியும். நான் ஒருநாளும் இருபதைத் தாண்டியதில்லை.

இன்னொன்று. 2023 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டு வங்கிகளின் சேவை ஒன்றாகப் படுத்துக்கொண்டது, தரவு நிலையத்தில் குளிர்சாதனக் கோளாறு என்றார்கள். நான் அப்போது தேக்கா உணவங்காடியில் இருந்தேன். முன்னால் நின்ற ஒரு தம்பி பிரியாணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கைப்பேசியை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தார். சிவப்புப் பையிலிருந்து ஏழு வெள்ளி எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு வரிசையில் நின்ற யாரும் பெருமூச்சு விடவில்லை.

பெருமூச்சு என்றதும் ஞாபகம் வருகிறது. நீங்கள் பார்த்த ஆன்ட்டி பையில் தேடிய அந்த ஐந்து காசு எதற்கென்று நினைக்கிறீர்கள்? பைக்குத்தான். 2023 ஜூலையிலிருந்து பெரிய பேரங்காடிகளில் ஒரு பிளாஸ்டிக் பைக்குக் குறைந்தது ஐந்து காசு. சுற்றுச்சூழலுக்காக, சரி, நான் எதிர்க்கவில்லை. ஆனால் அந்தப் பைகளை யார் வீணாக்கினார்கள்? ஒவ்வொன்றையும் மடித்துச் சமையலறை இழுப்பறையில் வைத்து, குப்பையைக் கட்டி மேலிருந்து போடுகிற குழாயில் போட்டுக்கொண்டிருந்தோம். இப்போது குப்பை கட்டுவதற்கென்று கறுப்புப் பைச் சுருளைத் தனியாக வாங்குகிறேன். அதுவும் பிளாஸ்டிக்தானே! இதில், தானே ஸ்கேன் செய்கிற இயந்திரத்தில் பைக்குக் காசு கட்டாமல் நாலைந்தை உருவிக்கொண்டு போகிறவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பற்றி யாரும் இங்கே கேள்வி கேட்பதில்லை, ஐந்து காசைத் தேடி எடுத்துக் கொடுக்கிற ஆன்ட்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

மகன் இதைப் படித்துவிடுவானோ என்று கவலைப்படாதீர்கள். பள்ளியில் தமிழ்த் தேர்வு எழுதி முடித்த நாளிலிருந்து அவன் தமிழில் ஒரு பத்தி படித்ததில்லை. தோழியைப் பற்றிய அடையாளங்களையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

அவள் இப்போது வீட்டிலேயே முறுக்கும் அதிரசமும் போட்டு விற்கிறாள். கொடுத்ததைத் திருப்பித் தர வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. சேர்த்து வைத்து, போன மாதம் அறுபது வெள்ளியை முறுக்கு டப்பாவில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். முறுக்கு விற்ற காசு, எல்லாம் ஊதா நிற இரண்டு வெள்ளி நோட்டுகள், லேசாக எண்ணெய் வாசம் வேறு. முப்பதில் பதினைந்து போய்விட்டது, அதைத்தான் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இன்னும் பதினைந்து இருக்கிறது. அடுத்த வாரம் அவசரமாக இருந்தால் பக்கத்து வரிசையில் நின்றுகொள்ளுங்கள்.