மார்பகக் குறைப்பு அறுவைக்கு அமெரிக்காவில் எவ்வளவு ஆகும்?

அமெரிக்கா வந்து ஏழு மாதம் ஆகிறது, வந்ததும் கணவர் சேர்ந்த புது வேலையில் கிடைத்த காப்பீடு இருக்கிறது, மார்பின் கனத்தால் கழுத்தும் தோளும் ஓயாமல் வலிக்கின்றன, குறைப்பு அறுவைக்கு எவ்வளவு ஆகும், பேசாமல் ஊருக்குப் போய்ச் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். உன்னைவிட மூத்தவள், இதே அறுவையைச் செய்துகொண்டவள் என்ற உரிமையில் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

இந்த நாட்டில் இதற்கு ஒரே விலை கிடையாது. வலிக்கான சிகிச்சை என்று காப்பீட்டு நிறுவனம் ஏற்றால் உன் பங்கு மட்டும். அழகுக்காக என்று ஒதுக்கிவிட்டால் முழுத் தொகையும் உன் தலையில். இரண்டுக்கும் கத்தி ஒன்றுதான், பில்லில் எழுதும் 19318 என்ற குறியீட்டு எண்ணும் ஒன்றுதான். உன் மருத்துவக் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் கோட்டைவிட்டதும் அங்கேதான். குடும்ப மருத்துவரிடம் போகும்போதெல்லாம் தலைவலி என்பேன், தூக்கம் வரவில்லை என்பேன். மார்பைப் பற்றிப் பேச நாக்கு எழாது. உள்ளாடைப் பட்டி தோளில் பதித்த பள்ளத்தையும், கோடையில் மார்புக்கு அடியில் வரும் புண்ணையும் ஒருவருக்கும் காட்டியதில்லை. கடைசியில் அறுவை மருத்துவர் காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு எழுதியபோது, ஆதாரம் போதாது என்று மறுப்புக் கடிதம் வந்தது. இருக்காதா பின்னே? கோப்பில் ஒரு வரிகூட இல்லையே. மறுப்பு வந்த நாளிலிருந்து மேல்முறையீட்டுக்கு 180 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் மூன்று மாதம் பிசியோதெரபிக்குப் போனேன். தோல் மருத்துவர் புண்ணைப் பார்த்துக் குறிப்பு எழுதினார். தோள் பள்ளத்தைப் படமெடுத்து இணைத்தார்கள். இரண்டாம் முறை ஒப்புக்கொண்டார்கள். அப்போதும் மறுத்திருந்தால், நிறுவனத்துக்கு வெளியே உள்ள நடுவரிடம் மறுஆய்வு கேட்கும் உரிமையும் இருந்தது.

இன்னொரு கணக்கு கிராமில் வரும். அகற்றப்போகும் திசு எவ்வளவு எடை என்பதைப் பல நிறுவனங்கள் பார்க்கின்றன. 1991இல் ஷ்னூர் என்ற மருத்துவர் குழுவினருடன் வெளியிட்ட அட்டவணையைச் சிலர் பின்பற்றுகிறார்கள்: உயரத்தையும் எடையையும் கொண்டு உடற்பரப்பைக் கணக்கிட்டு, அது 1.7 சதுர மீட்டர் என்றால் ஒரு பக்கத்துக்கு 370 கிராம் எடுக்க வேண்டும் என்பார்கள். வேறு சிலர் யாராக இருந்தாலும் 500 கிராம் என்று வைத்திருக்கிறார்கள். சிறிய உடல்வாகு உள்ளவளுக்கு இந்த இரண்டாவது விதி பெரிய அநியாயம். உன் திட்டத்தின் விதியை எழுத்தில் வாங்கிப் படித்துவிட்டு அறுவை மருத்துவரிடம் போ.

அனுமதி கிடைத்தாலும் இலவசம் இல்லை. ஓர் எடுத்துக்காட்டு: நிறுவனம் ஏற்கும் மொத்தக் கட்டணம் 18,000 டாலர், உன் டிடக்டிபிள், அதாவது காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நீயே கட்ட வேண்டிய தொகை, 2,000, அதற்குமேல் உன் பங்கு 20 சதவீதம் என்று வைத்துக்கொள். 2,000 போக மீதி 16,000இல் 3,200. ஆகக் கையிலிருந்து 5,200 டாலர். பெரும்பாலான திட்டங்களில், ஓர் ஆண்டில் உன் கையிலிருந்து போகும் தொகைக்கு உச்சவரம்பும் உண்டு. 2025இல் சட்டப்படி தனிநபருக்கு அது 9,200 டாலரைத் தாண்டக் கூடாது என்று இருந்தது. டிடக்டிபிள் பல திட்டங்களில் ஜனவரியில் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அந்த ஆண்டு ஏற்கெனவே மருத்துவச் செலவு ஆகியிருந்தால் டிசம்பருக்குள் முடிப்பது லாபம்.

மருத்துவமனை உங்கள் காப்பீட்டு வலையமைப்பில், அதாவது காப்பீட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் உள்ளவர்கள் பட்டியலில் இருந்து, மயக்க மருந்து கொடுப்பவர் அதில் இல்லாமல் போனால் தனியாகப் பெரிய பில் வரும் என்று பயமுறுத்துவார்கள். 2022 முதல் அதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் அக்குள் ஓரக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று நீயேதான் கேட்க வேண்டும். அதை அழகு சிகிச்சையில் சேர்த்துவிடுவது வழக்கம்.

பில்லில் வராத செலவும் உண்டு. சில வாரங்களுக்குக் குழந்தையைத் தூக்கக் கூடாது, கனமான பாத்திரத்தையும் தூக்கக் கூடாது. உன்னைப் பார்த்துக்கொள்ள வேலை போகாமல் விடுப்பு தரும் குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டம் உன் கணவருக்குப் பொருந்த, அவர் அந்த நிறுவனத்தில் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். விடுப்புக்குச் சம்பளமும் கிடையாது. இன்னும் ஐந்து மாதம் பொறுத்தால், மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், அவர் துணைக்கு இருக்கலாம், அதற்குள் கோப்பும் தடித்துவிடும்.

ஊருக்குப் போவதா? எனக்கு அதில் உடன்பாடில்லை. அறுவைக்குப் பின் நீண்ட விமானப் பயணத்தில் இரத்தம் உறையும் அபாயம் கூடும். திரும்பி வந்தபின் தையல் பிரிந்தால், அதைப் போட்ட மருத்துவர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் உண்டா என்று நீ எழுதவில்லை. இந்த அறுவைக்குப் பின் பால் சுரப்பது குறையலாம். கர்ப்பத்தில் மார்பின் அளவு மறுபடி மாறவும் செய்யும். எண்ணம் இருந்தால் அதை முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடு.