தாத்தாவின் வரைபடமும் தென்னந்தோப்புக் காசுகளும்

கேள்வி: ஐயா, மயிலாடுதுறை பக்கம் எங்கள் ஊர். கணக்குப்பிள்ளையாக இருந்த என் தாத்தாவின் பெட்டியில் ஊரின் பழைய கிராம வரைபடம் கிடைத்தது. தரங்கம்பாடி போகும் பழைய பாதை, ஒரு சத்திரம், சந்தைத் திடல் எல்லாம் அதில் இருக்கின்றன. இப்போது அங்கே எதுவும் இல்லை. செல்போன் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டதில், சத்திரம் இருந்த இடம் பெரியப்பாவின் தென்னந்தோப்புக்குள் வந்தது. அவரிடம் வாயால் கேட்டுக்கொண்டு மெட்டல் டிடெக்டரோடு தேடினேன். 17 செப்புக்காசும் ஒரு வெள்ளிக்காசும் கிடைத்தன. சிலவற்றில் கிரீடம் இருக்கிறது, டேனிஷ் காசு என்கிறார்கள். இப்போது பெரியப்பா மகன் பாதி கேட்கிறார். சென்னையில் ஒருவர் நல்ல விலை தருவதாகச் சொல்கிறார். விற்கலாமா? அடுத்து சந்தைத் திடலில் தேடலாமா?

பதில்: விற்காதீர்கள். திடலுக்கும் போகாதீர்கள். காரணங்களைச் சொல்கிறேன்.

மண்ணுக்குள்ளிருந்து கிடைப்பதற்கு 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த, மதிப்புள்ள எதுவும் அதன்படி புதையல்தான். குடம் நிறையத் தங்கம் கிடைத்தால்தான் புதையல் என்று ஊரில் நினைக்கிறார்கள். சட்டம் சொல்லும் தொகை பத்து ரூபாய். டீயே பத்தைத் தாண்டிவிட்ட காலத்திலும் அந்தத் தொகை மாறவில்லை. மதிப்பு அதற்கு மேல் போனால், என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது ஒப்படைப்பதற்குப் பிணை தர வேண்டும். வழிப்போக்கர் கையிலிருந்து தவறி விழுந்த காசு ‘மறைந்திருந்த’ பொருளாகுமா என்று வாதாட இடம் உண்டு. ஆனால் அந்த வாதத்தை நான் எடுத்து வைக்க வேண்டுமானால் முதலில் உங்கள் மேல் வழக்கு வர வேண்டும். அது எதற்கு?

தெரிவிக்காமல் விட்டால் உங்கள் பங்கு அரசுக்குப் போய்விடும். ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். தெரிந்தே துணைபோனால் நிலத்துக்காரருக்கும் தண்டனை உண்டு. பெரியப்பாவை அந்த நிலைக்குத் தள்ளாதீர்கள்.

மனு கொடுத்ததும் ஆட்சியர் அறிவிப்பு வெளியிடுவார். உரிமை கோருகிறவர்கள் வருவதற்கு நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு நாள் குறிக்கப்படும். உரிமையாளர் இல்லை என்று முடிவாகி, நிலத்துக்காரர் மட்டும் பங்கு கேட்டால், எடுத்தவருக்கு முக்கால், நிலத்துக்குக் கால் என்பது சட்டத்தின் கணக்கு. உங்களுக்குள் ஒப்பந்தம் இருந்தால் அதன்படி நடக்கும். ஆகவே அண்ணன் கேட்கும் பாதி, எழுதிக்கொள்ளாதவரை, வெறும் பேச்சுதான். அரசே வேண்டும் என்றால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம்.

இதில் நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. தோப்பு பெரியப்பா வாங்கியதா, தாத்தாவின் சொத்தா? பட்டா அவர் பெயரில் இருப்பது மட்டும் போதாது. பாகப்பிரிவினை ஆகாத சொத்து என்றால் உங்கள் அப்பாவும் பங்குதாரர், அந்தக் கால் பங்கிலும் அவருக்குப் பேச்சு உண்டு. அண்ணனிடம் போவதற்கு முன் பத்திரத்தைப் பாருங்கள்.

சரி, விற்பனைக்கு வருவோம். நூறு ஆண்டு கடந்த காசு, 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள். டேனிஷ்காரர்கள் 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள், ஆகவே அவர்கள் காசு என்றால் வயதில் சந்தேகமே இல்லை. தொல்பொருளை வாங்கி விற்பதை வணிகமாகச் செய்ய உரிமம் வேண்டும். இணையத்தில் விலை பேசி வெளிநாட்டுக்கு அனுப்பினால் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை.

இனி வரைபடம். அதில் இருப்பவை பழைய சர்வே எண்கள். 1980களில் நில ஆவணங்களைப் புதுப்பிக்க நடந்த யூடிஆர் பணியில் பல ஊர்களில் எண்களும் உட்பிரிவுகளும் மாறின. தாலுகா அலுவலகத்தில் பழைய எண்ணுக்குரிய புதிய எண்ணைக் கேட்டு, நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் ‘அ’ பதிவேட்டையும், அதன் எல்லை அளவுகளைக் காட்டும் புல வரைபடத்தையும் பாருங்கள். சந்தைத் திடல் பெரும்பாலும் புறம்போக்கு, இல்லாவிட்டால் கோயில் நிலம் என்றுதான் வரும். புறம்போக்கில் அனுமதியில்லாமல் மண்ணைக் கிளறக் கூடாது. செல்போன் படத்தை முழுக்க நம்பவும் வேண்டாம். பழைய தாளை அதன் மேல் பொருத்தும்போது பத்தடி நகர்ந்தாலே அடுத்தவர் வரப்புக்குள் நிற்பீர்கள். அளவைக்காரர்களின் பாடு சாதாரணமானதல்ல. 1808இல், தென்னிந்தியாவை அளந்த ஆங்கிலேயர் லாம்டன், கோணம் அளக்கும் தன் பெரிய தியோடலைட் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது அது சுவரில் மோதிச் சேதமானது, உட்கார்ந்து பழுது பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு வேலை செய்தார்.

கோயில் நிலம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 1976இல் திருவாரூர் பக்கம் பத்தூரில் மண் தோண்டிய கூலித்தொழிலாளி ஒருவருக்கு நடராசர் கிடைத்தார். சிலை கைமாறிக் கைமாறி லண்டன் போனது. இடிந்து கிடந்த அந்தக் கோயிலின் உரிமையை ஆங்கிலேய நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது, 1991இல் நடராசர் ஊர் திரும்பினார். பூசை நின்றுபோனாலும் சாமியின் உரிமை போகாது. தோப்பிலேயே ஐம்பொன்னோ செப்பேடோ தட்டுப்பட்டால், அப்படியே விட்டுவிட்டு வட்டாட்சியருக்குச் சொல்லுங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் இருக்கும் பக்கம் கருவியோடு போகவே வேண்டாம்.

இந்த வாரமே 18 காசுகளையும் இருபுறமும் படம் எடுத்து, எடை போட்டு, கிடைத்த இடத்தைப் புல வரைபட நகலில் குறித்து மனுவோடு இணையுங்கள். பெரியப்பாவின் சம்மதத்தை எழுதி வாங்கி அதையும் வையுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள். அப்புறம், பளபளக்க வேண்டும் என்று காசுகளைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். ஏற்கெனவே தேய்த்திருந்தால் அதையும் மனுவில் எழுதிவிடுங்கள்.