புடாபெஸ்ட்ல ஒரே ஒரு குளியல்னா எது?

வணக்கம்ங்க, அரை நாள்தான் இருக்கு, முட்டி வலி இருக்கற அம்மாவும் கூட வராங்க, புடாபெஸ்ட்ல இருக்கற வெந்நீர் ஊற்றுக் குளியல் இடங்கள்ல செச்செனி, ருடாஷ், கெல்லெர்ட் இந்த மூணுல எதுக்குப் போகலாம்னு கேட்டிருந்தீங்க. கெல்லெர்ட்ட விட்ருங்க, புதுப்பிக்கறதுக்காக 2025 அக்டோபர்லயே மூடிட்டாங்க. எனக்கு ரொம்ப பிடிச்சது ருடாஷ்தான், 16ஆம் நூற்றாண்டுல துருக்கிக்காரங்க கட்டினது, எட்டு தூணு, நடுவுல எட்டுமூலைக் குளம், மேல குவிமாடத்துல சின்னச் சின்ன கலர் கண்ணாடி ஓட்டை வழியா வெளிச்சம் கோடு கோடா ஆவியில இறங்கும் பாருங்க, அத மறக்கவே முடியாது. ஆனா அந்தப் பகுதியில சில நாள் ஆண்கள் மட்டும், சில நாள் பெண்கள் மட்டும்னு வச்சிருந்தாங்க, அப்படி ஒரு நாள்ல போய் மாட்டினா அம்மாவ தனியா விடணும்.

அதனால உங்களுக்கு செச்செனிதான். 1913ல திறந்தது, எல்லாரும் ஒண்ணா இறங்கலாம், மெட்ரோ 1ல போனா வாசல் கிட்டயே ஸ்டேஷன். வெளிக்குளத்துல தாத்தாக்கள் கழுத்தளவு தண்ணில நின்னு செஸ் ஆடுவாங்க, அம்மாவுக்கு அதுவே பொழுது போயிடும். காலையில சீக்கிரம் போயிடுங்க, மதியத்துக்கு மேல செம கூட்டம். ரப்பர் செருப்பு கட்டாயம் எடுத்துக்கங்க, தரை வழுக்கும். அம்மாவுக்கு பிபி இருந்தா ரொம்ப சூடான குளத்துல இறக்காதீங்க.